ஆட்டின் கண்ணில் எடுத்த அளவு எந்த மாதத்தது?

செம்மறி ஆட்டின் கீழிமையை லேசாக விலக்கி, 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் பட்டை ஒன்றின் மடித்த நுனியை உள்ளே செருகுகிறார் கால்நடை மருத்துவர். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் 18 மி.மீ. வரை நனைந்திருக்கிறது. அப்புறம் கருவிழியில் சின்னஞ்சிறு குச்சி ஒன்றைத் தட்டவிட்டுக் கண் அழுத்தம் பார்க்கிறார்: 14 மி.மீ. பாதரசம். சரி, இவை நல்ல எண்களா, கெட்ட எண்களா?

நாய் என்றால் பாடப்புத்தகம் உடனே பதில் சொல்லிவிடும். ஆட்டுக்குப் பதில் சொல்லும் முன் விவரம் தெரிந்த மருத்துவர் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்பார். எந்த மாதம் எடுத்தது? கிடாவா, பெட்டையா? பெட்டை என்றால் சினையா, பால் கொடுக்கிறதா? யார் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் அளவுக்கு ஷிர்மர் சோதனை என்று பெயர். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1903-இல் மனிதர்களுக்காக விவரித்த முறை இது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே காகிதப் பட்டைதான். செம்மறிகளில் நிமிடத்துக்கு 15 முதல் 20 மி.மீ. வரை நனைவது சாதாரணம். நாயில் 10-க்குக் கீழே இறங்கினால் கண் வறட்சி என்று சந்தேகப்படுவார்கள்.

இரண்டாவது, கண்ணின் உள்ளழுத்தம். இதைப் புரிந்துகொள்ள ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணுக்குள் சிலியரி என்ற பகுதி தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது வரத்து. கருவிழியும் ஐரிஸ் என்ற நிறத்திரையும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற திசு வழியாக அந்த நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. அது மதகு. வரத்துக்கும் மதகுக்கும் இடையில் நிற்கும் நீர்மட்டம்தான் அழுத்தம். மதகு அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறும், பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்கும். அந்த நோய்தான் கிளாக்கோமா. செம்மறிகளில் இந்த அழுத்தம் பெரும்பாலும் 10-க்கும் 20 மி.மீ. பாதரசத்துக்கும் நடுவில் இருக்கிறது.

அளக்கும் கருவிகளில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. டோனோபென் கருவிழியை லேசாகத் தட்டையாக்கிப் பார்க்கிறது. அதற்கு மரத்துப்போகும் சொட்டு மருந்து வேண்டும். ஃபின்லாந்தில் உருவான டோனோவெட், காந்தமேற்றிய மெல்லிய குச்சி ஒன்றைக் கருவிழியில் மோதவிட்டு, அது திரும்பும் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஆறு முறை தட்டிச் சராசரி காட்டும், சொட்டு மருந்து தேவையில்லை. இந்தக் கருவியில் நாய் பூனைக்கு ஓர் அமைப்பு, குதிரைக்கு ஓர் அமைப்பு, மற்ற விலங்குகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் அமைப்பு. செம்மறி அந்த ‘மற்றவை’யில் வருகிறது. ஒரே கண்ணில் இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே ‘செம்மறியின் கண் அழுத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணைச் சொல்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஆட்டின் கண்ணில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். மந்தையின் நலம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆய்வகத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கொரியென்டெஸ் நகரில் ரோசானா ஜெரோமெட்டாவும் அவர் குழுவினரும் செம்மறிகளின் கண்ணில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தினமும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் கண் அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டியது. மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் ஸ்டீராய்டு சொட்டால் அழுத்தம் குறிப்பிடும்படி ஏறும். ஆடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஏறுகிறது. அதனால் கிளாக்கோமா மருந்துகளைச் சோதிக்கச் செம்மறி வசதியான விலங்காகிவிட்டது. மருந்து கொடுத்த ஆட்டில் அழுத்தம் 2 புள்ளி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அது மருந்தாலா, ஜூன் போய் செப்டம்பர் வந்ததாலா? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் நோயில்லாத ஆட்டின் கண் ஆண்டு முழுவதும் எப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

செம்மறிக்குக் கண் பார்ப்பதற்கு மட்டுமான உறுப்பு கிடையாது, அதன் நாட்காட்டியும் அதுதான். விழித்திரையில் உருவங்களைப் பார்க்க உதவும் செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கணக்கு வைக்கும் செல்களும் உண்டு. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமியை இக்னேசியோ புரோவென்சியோ 1998-இல் கண்டறிந்தார். அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை டேவிட் பெர்சன் 2002-இல் காட்டினார். இவை மூளைக்கு அனுப்பும் செய்தியை வைத்துப் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரப்பும் நீளும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரிக் பிட்மேனும் ஃபிரெட் கார்ஷும் 1980-களின் தொடக்கத்தில் பீனியல் சுரப்பி அகற்றப்பட்ட பெட்டை ஆடுகளுக்கு மெலடோனினைச் செலுத்திப் பார்த்தார்கள். நீண்ட இரவுக்குரிய கணக்கில் செலுத்தினால் ஆட்டின் உடல் குளிர்காலம் வருவதாக நம்பியது. குறுகிய இரவின் கணக்கில் செலுத்தினால் கோடை என்று நம்பியது. லண்டன் போன்ற இடத்தில் மிக நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கும் மேல், மிகக் குறுகியது 8 மணி நேரத்துக்கும் கீழ். அங்குள்ள ஆடுகள் பகல் சுருங்கத் தொடங்கும்போது சினைப்பருவத்துக்கு வருகின்றன, வசந்தத்தில் குட்டி போடுகின்றன. சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நம் ஊர் ஆடுகள் இனப்பெருக்கத்தில் நாட்காட்டியை அவ்வளவு கறாராகப் பின்பற்றாததற்கு இது ஒரு காரணம். இங்கே பருவம் என்றால் வெளிச்சத்தைவிட வெயிலும் மழையும் புல்லும்தான்.

மெலடோனின் கண்ணுக்குள்ளும் வேலை செய்கிறது. முயல்களிலும் மனிதர்களிலும் நடந்த சோதனைகளில் அது அழுத்தத்தைக் குறைத்தது. அப்படியானால் நீண்ட இரவுகள் கொண்ட குளிர்காலத்தில் கண் அழுத்தம் குறைய வேண்டும் அல்லவா? மனிதர்களில் நேர்மாறாக இருக்கிறது. இஸ்ரேலில் புளூமென்தால் குழுவினர் 1970-இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே குளிர்காலத்தில் அழுத்தம் கூடியிருந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. வித்தியாசம் சிறியதுதான், ஒரு புள்ளி போல. ஒரு ஹார்மோனை எடுத்துக்கொண்டு, பருவத்தை அதன் வழியாக நேர்கோட்டில் விளக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பருவம் கண் அழுத்தத்தை எந்த அளவுக்கு மாற்ற முடியும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் அழகான சான்று செம்மறியில் இல்லை, அதன் தூரத்து உறவான, ரெயின்டீர் எனப்படும் பனிநாட்டுக் கலைமானில் இருக்கிறது. மாடு, ஆடு, மான் எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு தளம் உண்டு. இரவில் வண்டி விளக்கு பட்டால் ஆட்டின் கண் பளிச்சென்று மின்னுவது அதனால்தான். நார்வேயின் வட கோடியில் கலைமான்களின் கண்களை எடுத்து ஆராய்ந்த கிளென் ஜெஃப்ரியும் கார்ல்-ஆர்னே ஸ்டோக்கனும் ஒரு விசித்திரத்தை 2013-இல் வெளியிட்டார்கள். கோடையில் பொன்னிறமாக இருக்கும் அந்தத் தளம் குளிர்காலத்தில் ஆழ்ந்த நீலமாக மாறிவிடுகிறது. காரணமாக அவர்கள் சொன்னது இது: மாதக்கணக்கில் நீளும் இருட்டில் பாவை (கண்ணின் நடுத்துளை) விரிந்தே கிடக்கிறது, அதனால் மதகு நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் அந்தத் தளத்தின் கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு நடுவிலுள்ள நீரைப் பிழிந்து அவற்றை நெருங்க வைக்கிறது, இழைகளின் இடைவெளி மாறினால் எதிரொளிக்கும் நிறமும் மாறும். செம்மறியின் கண்ணிலும் இதே கொலாஜன் இழைத் தளம்தான். ஆனால் அது வாழும் இடங்களில் இப்படி மாதக்கணக்கான இருட்டு வருவதில்லை.

கண்ணீரின் கதை வேறு. வறண்ட மாதங்களில் புழுதியும் காற்றும் கண்ணை உறுத்தும். உறுத்தினால் நீர் சுரக்கும். ஷிர்மர் பட்டை இயல்பான ஈரத்தையும் உறுத்தலால் வந்த நீரையும் பிரித்துப் பார்க்காது, மொத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கண்ணின் மேற்பரப்பு எரிச்சலில் இருக்கும் கோடையில் எண் கூடி வரலாம். பார்ப்பவர் ‘அடேயப்பா, நல்ல ஈரம்’ என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். வறட்சி நீடித்துப் பச்சைப் புல்லே இல்லாமல் போனால் வேறொரு சிக்கல். வைட்டமின் ஏ-வுக்கு மூலப்பொருள் பச்சையிலிருந்துதான் வருகிறது. ஆட்டின் ஈரலில் சேமிப்பு சில மாதங்களுக்குத் தாங்கும். அது தீர்ந்த பிறகு முதலில் தெரிவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் ஆடு தடுமாறும். கண் அழுத்தத்தையும் கண்ணீரையும் மட்டும் அளந்துகொண்டிருந்தால் இது கண்ணில் படாமலேயே போகலாம்.

இனி கிடாவும் பெட்டையும். மனிதர்களில் கண் வறட்சி பெண்களுக்கு அதிகம் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட செய்தி. பாஸ்டனின் ஷெப்பென்ஸ் ஆய்வு நிலையத்தில் டேவிட் சல்லிவன் இதன் காரணங்களைப் பல ஆண்டுகள் துருவினார். இமையோரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் கண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் ஒன்றை விரிக்கின்றன. அது ஈரம் ஆவியாவதைத் தடுக்கிறது. இந்தச் சுரப்பிகளுக்கு ஆண் ஹார்மோன்கள் துணை. ஆண் ஹார்மோன் குறைந்தால் எண்ணெய் குறைகிறது, கண்ணீர் சீக்கிரம் காய்கிறது. சரி, இதை வைத்துக் கிடாவின் ஷிர்மர் அளவு பெட்டையைவிடக் கூடுதலாக இருக்கும் என்று ஊகிக்கலாமா? கூடாது. காகிதப் பட்டை நீரை அளக்கிறது, எண்ணெயை அளப்பதில்லை. இரு பாலுக்கும் இடையே உண்மையான வேறுபாடு இருந்தும் பட்டையில் ஒரே அளவு வரலாம்.

அழுத்தத்தில் பெண் உடலின் நிலை முக்கியமாகிறது. கர்ப்ப காலத்தில், குறிப்பாகப் பிற்பகுதியில், பெண்களின் கண் அழுத்தம் இறங்குவது தெரிந்த விஷயம். மதகு வழியே நீர் எளிதாக வடிவதுதான் முக்கியக் காரணம். இப்போது ஒரு மந்தையை எண்ணிப் பாருங்கள். செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். அதன் பிறகு மூன்று நான்கு மாதம் பால். ஆண்டுக்கு ஒரு முறை குட்டி போடும் பெட்டை வெறும் பெட்டையாக இருக்கும் காலம் மிகக் குறைவு. ஆய்வாளர் 20 பெட்டைகளை ஒரே வரிசையில் நிறுத்தினால் அங்கே நிற்பது ஒரே வகை விலங்கு என்று எப்படிச் சொல்வது?

கிடாவும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளைச் சேர்ந்த சோய் இனக் கிடாக்களை எடின்பரோவில் ஜெரால்ட் லிங்கன் நெடுங்காலம் கவனித்தார். இலையுதிர் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறி, விதைப்பை பெருத்து, கிடா முட்டிக்கொண்டு திரியும். வசந்தத்தில் எல்லாம் சுருங்கிவிடும். ஏப்ரலில் நிற்கும் கிடாவுக்கும் அக்டோபரில் நிற்கும் அதே கிடாவுக்கும் இரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் வேறு. அதனால் ‘பருவத்தின் விளைவு’, ‘பாலினத்தின் விளைவு’ என்று அட்டவணையில் இரண்டு வரிசை போட்டுத் தனித்தனியாக எழுதுவது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. ஆட்டில் ஆண் என்பதும் பெண் என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும் நிலைகள். ஒரு பருவத்தில் தெரிந்த ஆண்-பெண் வேறுபாடு அடுத்த பருவத்தில் காணாமல் போனால் அதை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

பிழைகளும் உண்டு, அவையும் பாலினத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. யார் பிடித்தார்கள் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். கழுத்தை இறுக்கினால் தலையிலிருந்து இறங்கும் இரத்தம் தேங்கும், கண் அழுத்தம் ஏறும். நாய்களில் கழுத்துப் பட்டையை இழுத்தபோது ஏறிய அழுத்தம், மார்பைச் சுற்றிய பட்டையை இழுத்தபோது ஏறவில்லை என்று 2006-இல் காட்டினார்கள். தலையை இதயத்துக்குக் கீழே தாழ்த்தினாலும் ஏறும், இமையை விரலால் அழுத்தினாலும் ஏறும். கொம்புள்ள, எண்பது கிலோ எடையுள்ள கிடாவை யாரும் பூப்போலப் பிடிப்பதில்லை. இரண்டு பேர் கழுத்தில் தொங்குவார்கள், அது திமிறும். பெட்டையை ஒருவர் கன்னத்தில் கை கொடுத்து நிறுத்திவிடுவார். இப்படி எடுத்த எண்களை ஒப்பிட்டுக் ‘கிடாக்களின் அழுத்தம் கூடுதல்’ என்று முடிவு எழுதினால் அங்கே அளந்தது கிடாவின் கண்ணையா, பிடித்தவரின் கையையா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் இதைவிடச் சுவையான ஒரு கதை உண்டு. அங்குள்ள ஆடுகளுக்கு ‘ஒளிர் குருடு’ என்று ஒரு நோய். பாவை விரிந்தே இருக்கும், கண் வழக்கத்தைவிடப் பளிச்சென்று மின்னும், ஆனால் பார்வை இருக்காது. ஆடு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். 1960-களில் வாட்சனும் பார்னெட்டும் மற்றவர்களும் இதை விவரித்தார்கள். மலைச்சரிவில் மண்டிக் கிடக்கும் பிராக்கன் என்ற பெரணியை நீண்ட நாள் மேய்வதால் விழித்திரை மெல்லத் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் பின்னாலுள்ள கண்ணாடித் தளம் மறைப்பின்றி மின்னுகிறது. பிராக்கனிலுள்ள நச்சுப்பொருளின் பெயர் டாக்விலோசைடு. இரண்டு முதல் நான்கு வயதுள்ள பெட்டைகளில்தான் நோய் அதிகம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். பார்த்தால் பருவமும் பாலும் சேர்ந்த அருமையான விளைவு போலத் தோன்றும். காரணம் எளிது: மலையில் ஆண்டுக்கணக்கில் விடப்படுபவை பெட்டைகள். ஆண் குட்டிகள் சில மாதங்களிலேயே இறைச்சிக்குப் போய்விடுகின்றன, நஞ்சு சேர அவற்றுக்கு அவகாசமே இல்லை.

கண்ணைப் பார்த்து எடுக்கும் அளவுகளில் உலகம் முழுக்க ஆட்டுக்காரர்கள் நிஜமாகவே பயன்படுத்துவது காகிதப் பட்டையையும் இல்லை, டோனோமீட்டர் என்ற அழுத்தக் கருவியையும் இல்லை. ஃபமாச்சா அட்டையைத்தான். தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையில் பிறந்து, 1990-களில் வான் வைக், பாத் ஆகியோருடன் வளர்ந்தது. மலானுடைய பெயரின் எழுத்துகளே அட்டையின் பெயரிலும் இருக்கின்றன. நம் ஊரில் சோகை பார்க்க டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்ப்பார் அல்லவா, அதே வேலைதான். அட்டையில் அடர்சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளை வரை ஐந்து நிறங்கள். ஆட்டின் இமையை வெயில் வெளிச்சத்தில் விலக்கி, உட்புறச் சவ்வின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். முதல் நிறம் என்றால் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 28 சதவீதமோ அதற்கு மேலோ. ஐந்தாம் நிறம் என்றால் 12-க்கும் கீழே, ஆடு சாகக் கிடக்கிறது என்று பொருள். குற்றவாளி வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமோன்கஸ் புழு. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும். கேட்க அற்பம்தான், 5,000 புழு இருந்தால் 250 மி.லி. எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றி ஊற்றிப் புழுக்கள் மருந்துக்கு அசையாமல் போய்விட்டன. வெளுத்த கண்ணுக்கு மட்டும் மருந்து என்பதுதான் இந்த அட்டையின் கணக்கு.

இந்த எளிய நிறத்திலும் பருவமும் பாலும் விளையாடுகின்றன. புழுவின் இளம்பருவம் புல்லில் வளர வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கோடை மழை பெய்யும் பகுதிகளில் கண்கள் வெளுப்பது கோடையில். குளிர்காலத்தில் புழு ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே வளராமல் உறங்கிக் கிடக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் அதன் பிறகும் ஆபத்து. அதே மழையோடு குருணை போலச் சின்னஞ்சிறு கடிபூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோயும் வரும். அப்போது கண் சிவந்து நீர் வடியும். புழுதி பட்டாலோ, மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமியால் கண்நோய் வந்தாலோ அப்படியேதான். சவ்வு சிவந்துவிட்டால் சோகை பிடித்த ஆடும் அட்டையில் ஆரோக்கியமானதாகத் தெரியும். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காத ஆட்டுக்கு இரத்தம் சுண்டி, சிவப்பணுப் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பாலினத்தில், பொதுவாகக் கிடாக்கள்தான் புழுவுக்கு எளிதாக இரையாகும். ஆண் ஹார்மோன்கள் நோய் எதிர்ப்பைச் சற்று மட்டுப்படுத்துகின்றன. இதை நம்பிக் கிடாக்களை மட்டும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆண்டின் ஒரு கட்டத்தில் ஏமாந்துபோவோம். குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, போட்டபின் ஆறேழு வாரம் வரை பெட்டையின் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடுகிறது. உறங்கிக் கிடந்த புழுக்கள் விழிக்கின்றன, சாணத்தில் புழுமுட்டை பெருகுகிறது, கூடவே மேயும் குட்டிகளுக்கும் அதே புல்தான். அதனால் மற்ற ஆடுகளில் மூன்றாம் நிறத்தைப் பார்த்து ‘இன்னும் பத்து நாள் பார்ப்போம்’ என்று விடுபவர்கள், ஈன்ற பெட்டையிலும் அதன் குட்டியிலும் அதே மூன்றாம் நிறம் தெரிந்தால் அன்றைக்கே மருந்து ஊற்றுகிறார்கள்.